ஏழாம் நம்பர் கூண்டில் மரணம்

டீ வருவதற்குள் ஃபோர்மேன் மூன்று தடவை செத்துவிட்டார். கொன்றவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

செத்தது திரையில்தான். கம்பெனித் தரையில் வாஷிங் மெஷின் மோட்டார் பூட்டும் லைன் எப்படி ஓடுகிறதோ, அதே போல அச்சு அசலாக இன்னொரு லைன் கம்ப்யூட்டரில் ஓடும். இங்கே ரோபோ கை திரும்பினால் அங்கேயும் திரும்பும். டிஜிட்டல் ட்வின் என்று பெயர். அதைக் கட்டி மேய்ப்பதற்காகவே மூன்று மாதம் முன்பு வந்து சேர்ந்தவன் அந்த எஞ்சினியர்.

இத்தனை நாள் சுவரைப் பார்த்திருந்த திரை, அந்தத் திங்கள்கிழமை காலை ரோபோ கையைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட, ஃபோர்மேனின் ஏழாம் நம்பர் கூண்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் அவருடைய தொப்பி, அவருடைய தொப்பை, அவருடைய நடையோடு ஒரு பொம்மை. கூண்டுக்குள் குனியும். ரோபோ கை வீசும். பொம்மை மூலையில் போய் விழும். எஞ்சினியர் ஒரு பட்டனைத் தட்டினால், தூசுகூடத் தட்டாமல் எழுந்து மறுபடி குனியப் போகும்.

குனிவது ஃபோர்மேனின் பழக்கம்தான். அவ்வப்போது போல்ட் ஒன்று நழுவிக் கூண்டுக்குள் விழும். சட்டப்படி சிவப்பு பட்டனை அமுக்கி, லைனை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நாலு நிமிஷம் போய்விடும். அவரோ, ஆள் நுழைந்தால் லைனை நிறுத்தும் சென்சாரின் கண்ணுக்குக் கீழே குனிந்து, கை அந்தப் பக்கம் திரும்பும் மூன்று விநாடிக்குள் எடுத்துவிடுவார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டையும் டிபன் டப்பாவுக்கு அடியில் விரித்துச் சாப்பிட்டார்.

"அண்ணே, எனக்கென்னவோ இது சரியாப் படல," என்றான் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். "ஆளு நின்னா ஆபத்துன்னு படம் போட்டுக் காட்டிட்டா, உங்க இடத்துல இன்னொரு ரோபோ கையை மாட்டிடுவாங்க. ரிடையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கையில வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கும் அதே சந்தேகம்தான்டா. இல்லேன்னா அவன் எதுக்கு எனக்கு அவ்வளவு மரியாதையா வணக்கம் வைக்கிறான்?"

மத்தியானம், எட்டாவது சாவில் சந்தேகம் முற்றியது. அடி விழுந்த வேகத்தில் பொம்மையின் பூட்ஸ் ஒன்று கழன்று பறந்தது. இடது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டை விரல் வெளியே எட்டிப் பார்த்தது.

நிஜ பூட்ஸுக்குள் நிஜக் கட்டை விரல் பயத்தில் மடங்கியது. அந்த ஓட்டையை உத்தேசித்தே அவர் கம்பெனிக்குள் ஒரு நாளும் பூட்ஸைக் கழற்றியதில்லை.

"பூட்ஸுக்குள்ள கேமரா வச்சிருக்கான்டா," என்றார் டிரைவரிடம், உதடு அசையாமல்.

எஞ்சினியருக்கு இனி ஒரு சாட்சியும் சிக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அடுத்த போல்ட் விழுந்ததும் சிவப்பு பட்டனை அமுக்கினார். லைன் நின்றது. மேனேஜர் எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். அதுவே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஆறு தடவை அமுக்கினார். உற்பத்தி படுத்தால் பழி எஞ்சினியர் தலையில் விழும், துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவான் என்று பார்த்தால், அவன் ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு சிரித்தான். வாரம் முழுக்க அந்தச் சிரிப்பு ஃபோர்மேனின் தூக்கத்தைத் தின்றது.

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவி வியாழக்கிழமை மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க லைன் நின்னு நின்னு ஓடுதாமே. எங்களுக்குக் கட்டறதுக்கு மோட்டாரே வரல," என்று சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து பாதியை அவர் டப்பாவில் தள்ளினாள். திட்டவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. வேலை போகப் போகிற விஷயம் இவள் காதுக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று அவள் தள்ளியதை ஒரு பருக்கை விடாமல் தின்றார்.

வெள்ளிக்கிழமை காலை, முதல் சாவு முடிந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று கண்ணாடி அறைக்குப் போனார். ஆள் இல்லை. பேக்கிங் பக்கம் பெட்டி அடுக்குக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. ஃபோர்மேன் பெட்டியோடு பெட்டியாக நின்று காதைக் கொடுத்தார்.

"அக்கா, நாலு நாளா ஒரு தடவைகூட கூண்டுக்குள்ள குனியல. பட்டனைத்தான் அமுக்கறார். போன வாரம் ட்வின்ல நிஜமாப் பதிவானதைப் பாத்தப்போ ரோபோ கைக்கும் அவர் தலைக்கும் நாலு விரல்தான் இடைவெளி. லெட்டருக்கும் அசையல, உங்க பேச்சுக்கும் அசையல. இப்ப வழிக்கு வந்துட்டார். தினம் அந்த மனுஷனைக் கொல்றது எனக்கும் மனசு கேக்கல. பொம்மைப் படத்தை இன்னியோட நிறுத்திடவா?"

ஃபோர்மேன் மூச்சை அடக்கினார். பதில் சொன்ன குரல், இருபத்தாறு வருஷமாக அவரைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்.

"இன்னும் ஒரு வாரம் சாகட்டும் தம்பி. எனக்கு அவரு முழுசா வீட்டுக்கு வரணும்."