பிக்கப் போய் ஜீப் வந்தது

"இதுக்குப் பேரு வண்டியா அண்ணே? நாலு சக்கரத்துல நிக்கிற துரு."

சொல்லிவிட்டு பம்பு மெக்கானிக்கின் மனைவி ஜீப்பின் பின்கதவை விரல் நுனியால் தொட்டாள். தொட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

தரகர் சிரித்தார். பழைய வண்டி வாங்கி விற்பவர். ஊரில் அவருக்கு 'வெல்லக்கட்டி' என்று பெயர். அது அவர் விற்கும்போதுதான். அவரிடம் வண்டியைக் கொடுத்தவர்கள் வேறொரு பெயர் சொல்வார்கள். அதை அச்சில் போட முடியாது.

"தங்கச்சி, இது ஃபோர் வீல் டிரைவ். இந்த மாதிரி ஜீப்ப இப்ப எவனும் செய்றதில்ல. சேறு, பாறை எதுல விட்டாலும் ஏறிடும். ஒரே குடும்பம் ஓட்டினது. அந்த மனுஷன் குழந்தை மாதிரி வெச்சிருந்தாரு."

மெக்கானிக் ஜீப்பின் டயர்களைக் குனிந்து பார்த்தார். மலைத்தோட்டங்களுக்குப் போய்ப் பம்பு பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. பின்னால் பாரமில்லாத அவருடைய பிக்கப்போ மழைச் சேற்றில் சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டு நிற்கும். இந்த மழையில் மட்டும் மூன்று தோட்டக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவரிடம் இருக்கும் ஒரே சொத்து அந்தப் பிக்கப். அதைக் கொடுத்து இந்த ஜீப்பை எடுத்தால்தான் தொழில் தப்பும். தரகரோ பிக்கப்புக்கு மேல் இன்னும் ஒரு பிக்கப் வாங்குகிற அளவுக்குப் பணம் கேட்டார்.

"குழந்தையா? நாள்பட்ட இருமல் கேஸ் அண்ணே இது. ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

தரகர் சாவியைத் திருப்பினார். புகை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை.

"கேக்குதா சத்தம்? டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி. இன்னும் ஆறு மாசம், அப்புறம் நடு ரோட்டுல உக்காந்துடும். டீசல் குடிக்கிறதுல யானை, இழுக்கிறதுல பூனை. ஸ்பேர் பார்ட்ஸ் வேணும்னா மியூசியத்துலதான் போய்க் கேக்கணும்."

இஞ்சின் நன்றாக இருந்தது. மெக்கானிக்கின் காதுக்கு அது தெரியாதா என்ன?

"கொஞ்சம் மெதுவா பேசேன்," என்று முணுமுணுத்தார். "கோவிச்சுக்கிட்டு குடுக்க மாட்டேன்னுட்டா?"

"நீங்க சும்மா இருங்க."

தரகர் வழக்கமான அஸ்திரத்தை எடுத்தார். "பதினோரு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது தங்கச்சி."

"வரட்டும் அண்ணே. அவங்க மாட்டிக்கிட்டா நாங்க பிழைச்சோம்."

அவள் குனிந்து வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தாள். அங்கே எது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அடியெல்லாம் அரிச்சுப் போச்சு. வெளிய பெயிண்ட், உள்ள ஓட்டை. எடைக்குப் போட்டாகூட இரும்புக்கடைக்காரன் யோசிப்பான்."

தரகரின் சிரிப்பு சுருங்கியது. எழுந்த கோபத்தில் பிக்கப்பின் டயரை ஓர் உதை விட்டார். "உங்க வண்டி மட்டும் என்ன, நேத்து பொறந்ததா?"

"இல்லதான். ஆனா நாளைக்கு சாவாது."

தரகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குறை சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

அவள் ஜீப்பைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இதக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் மாரடிச்சானே ஒருத்தன், அவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். இந்த அளவுக்குப் போவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சரி தங்கச்சி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வண்டிக்கு வண்டி. மேல ஒத்தக் காசு கெடையாது. அதுவும் உங்க தலைவலிய நாங்க எடுத்துக்கிட்டுப் போறோம்."

தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. இன்னொரு பார்ட்டி வரவில்லை. அப்படி ஒருவர் இருந்தால்தானே வருவதற்கு. வண்டிக்கு வண்டி மாற்றினாலும் அவருக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. ஜீப்பை அவர் வாங்கிய விலை அப்படி.

"எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்கு நான் யார் முகத்துல முழிச்சேனோ."

மூவரும் அலுவலக அறைக்குள் போனார்கள். தரகர் மேஜை இழுப்பறையிலிருந்து ஜீப்பின் பதிவுப் புத்தகத்தையும் ஒரு படிவத்தையும் எடுத்து வைத்தார். வாங்கும் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றும் வழக்கம் அவருக்குக் கிடையாது. வரி மிச்சம், அலைச்சல் மிச்சம். விற்பவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். அடுத்த ஆள் வந்ததும் பெயரை நிரப்பிவிடுவார். கெட்டிக்காரர்.

பேனா மூடியைக் கழற்றினார். "யார் பேருக்கு மாத்தணும்? உங்க பேருக்கா, இவர் பேருக்கா?"

"மாத்தவே வேண்டாம் அண்ணே." அவள் புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். படிவத்தை நான்காகக் கிழித்தாள். "அதுல இருக்கிறது எங்கம்மா பேருதான். எங்கப்பா செத்த பதினஞ்சாம் நாள் நீங்க வீட்டுக்கு வந்து, அவங்கள உக்கார வெச்சுப் பேசினீங்க. நான் பக்கத்து ரூம்ல கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு இந்த வண்டிக்கு நான் சொன்ன வசவு ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் அன்னைக்கு நீங்க எங்கம்மாகிட்ட சொன்னது."