ஏழு செகண்டுக்கு ஒரு சொட்டு

"இது எந்த இடத்து மௌனம்னு சொன்னே?"

ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார் ஒலிப்பதிவுப் பேராசிரியர். எதிரே நின்ற மாணவன் எச்சிலை விழுங்கப் போய், அந்தச் சத்தத்தையும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மூடிக் கிடக்கிற ஒரு தியேட்டர், சார்."

திரைப்படத் துறை மாணவர்களிடையே அவனுக்குத் 'தியரி' என்று பெயர். ஒரே ஒரு குளோசப்பைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவான். கேமராவில் பேட்டரியைத் தலைகீழாகப் போடுவான். பல்கலைக்கழகமோ ஏட்டுச் சுரைக்காய் பாதி, கறி பாதி என்று சட்டம் வைத்திருந்தது. எழுத்துத் தேர்வில் முதலிடம் வாங்கியவனாக இருந்தாலும் செய்முறையில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

செய்முறை என்னவோ கேட்பதற்கு எளிது. ஆளரவமற்ற ஓர் இடத்துக்குப் போய் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்து வர வேண்டும். படத்தில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒட்டுப்போட அந்த மௌனம் தேவை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மௌனம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். நிபந்தனை ஒன்றுதான்: சொந்த வீட்டில் பதிவு செய்யக் கூடாது. செய்தால் பூஜ்யம்.

தியரி யோசித்தான். சும்மா கிடப்பதில் தியேட்டர் சும்மா வேறு, வீட்டுச் சும்மா வேறா? அம்மா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சமையலறை மேஜையில் ரெக்கார்டரை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தான். வேலை முடிந்தது.

அவன் மறந்துபோனது பேராசிரியரின் பாம்புச் செவியை. மூன்றாம் மாடியில் ஊசி விழுந்தால், அது தையல் ஊசியா கோணி ஊசியா என்று கீழே கேன்டீனில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார் என்று துறையில் பேச்சு. ஐம்பது தாண்டியும் கட்டைப் பிரம்மச்சாரி. வீட்டில் பேச்சுத் துணை இல்லாமல் செலவழியாமலே சேர்ந்துபோன காது என்றார்கள் சிலர்.

அந்த மனிதரை வீட்டில் தியரி திட்டாத நாள் கிடையாது. அப்பா இறந்த இந்த ஒன்பது வருடமாக அவன் புலம்பலைக் கேட்க அம்மா ஒருத்திதான். கடைசிவரை கேட்டுவிட்டு, "நியாயமான மனுஷன்டா. நீ பொய் சொல்லாம இரு, அது போதும்" என்பாள். முன்பின் தெரியாத ஆளுக்கு எதற்கு இந்த வக்காலத்து என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சினிமா என்றாலே முகம் சுளித்தவள், இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல், "யூனிவர்சிட்டியில படம் போடுவாங்களே, போய்ப் பார்த்துட்டு மெதுவா வா" என்று அவனை விரட்டுகிறாள். பெற்ற வயிறு, பிள்ளை எப்படியாவது தேறட்டும் என்று தவிக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

"தியேட்டர் மூடி எத்தனை வருஷம்?" என்றார் பேராசிரியர்.

"பத்து இருக்கும், சார்."

"ஃப்ரிட்ஜ் ஓடுதே."

"கேன்டீன் ஃப்ரிட்ஜ், சார்."

"பத்து வருஷமா யாருக்கு ஐஸ் வைக்கிறாங்க?"

பதில் கிடைப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றார். ஜன்னலுக்கு ஒரு கதவு சரியாகச் சாத்தாது என்றார். சுவர்க் கடிகாரம் கோணலாக மாட்டியிருக்கிறது, அதனால்தான் 'டிக்' நேராக நடக்கிறது, 'டக்' நொண்டுகிறது என்றார். தியரிக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. கடிகாரத்தைக் கோணலாக மாட்டியவன் அவனேதான்.

"குழாய் ஒண்ணு சொட்டுது. ஏழு செகண்டுக்கு ஒரு சொட்டு."

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருப்பவன். அங்கே குழாய் சொட்டுகிறது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். தியேட்டர் பாத்ரூம் என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் சிநேகிதன் வீடு என்று மாற்றினான்.

"மூணாவதா ஏதாவது இடம் கைவசம் இருக்கா?"

அதோடு தியரி உடைந்துவிட்டான். "எங்க வீட்டு சமையலறை, சார். பூஜ்யம் மட்டும் போட்டுடாதீங்க. எங்கம்மா தாங்க மாட்டாங்க."

பேராசிரியர் ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரைப் பொறுமையாகச் சுற்றி வைத்தார். மதிப்பெண் தாளில் ஏதோ எழுதி நீட்டினார். மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தது, பூஜ்யம்கூட இல்லை. கீழே ஒரு குறிப்பு: 'விதி பதினொன்றின்படி இம்மாணவரை நான் மதிப்பிட இயலாது. வேறிடத்தில் பதிவு செய்து, வேறு தேர்வாளரிடம் ஒப்படைக்கவும்.'

எழுத்தில் இருப்பது எதுவானாலும் தியரிக்கு மனப்பாடம். விதி பதினொன்று: தேர்வாளர் தம் குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு மதிப்பெண் இடக் கூடாது.

குறிப்பை இன்னொரு முறை படித்தான். "சார்... குடும்பம்னா?"

"அதை உங்கம்மா வாயால கேட்டுக்கிறதுதான் முறை" என்றார் அவர், ரெக்கார்டரை அணைத்தபடி. "அப்படியே, போன சனிக்கிழமைதான் வாஷர் மாத்திக் கொடுத்தேன், குழாயை அந்த இறுக்கு இறுக்கித் திருக வேண்டாம்னு நான் சொன்னதா அவகிட்ட சொல்லு."