கதவைத் திறந்துவிட்டவர்

வக்கீலம்மாவின் அறைக்கதவு தானாகவே மூடிக்கொள்ளும் வகை. உள்ளே நுழைந்ததும் என் வகுப்புப் பையை அதன் இடுக்கில் வைத்தேன்.

அக்கா பையைக் காலால் உள்ளே தள்ளினாள். வெளியே தட்டச்சு செய்பவர் உட்கார்ந்திருக்கிறார், ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமா என்று என் காதைக் கடித்தாள்.

கதவு பெருமூச்சு விட்டபடி மூடிக்கொண்டது.

நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று அங்கே வராது என்று வக்கீலம்மா சொன்னார். பரவாயில்லை என்றேன்.

அவர் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அந்த வாடகைக் கார் ஓட்டுநர் மீது குற்ற வழக்கு. நான் செயலியில் வண்டி கேட்டபோது அவனை அனுப்பிவைத்த நிறுவனத்தின் மீது இழப்பீட்டு வழக்கு. இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். ஆனால் ஆறப்போடக் கூடாது. காலம் கடந்தால் நிறுவனத்தின் மீது வழக்குப் போடும் உரிமையே போய்விடும்.

வழிகளுக்கு முன்னால் கிடக்கும் முட்டுக்கட்டைகளையும் அவர் மறைக்கவில்லை. ஓட்டுநர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை, நாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்று நிறுவனம் கைகழுவப் பார்க்கும். போதாததற்கு, செயலியைப் போனில் ஏற்றிய அன்று, தகராறு வந்தால் நீதிமன்றம் போகமாட்டேன், தனி நடுவரிடம்தான் போவேன் என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது இந்த மாதிரிக் குற்றத்துக்குப் பொருந்தாது என்று வாதாடிப் பார்க்கலாம். எடுபடுமா என்று இப்போதே சொல்ல முடியாது.

தலைவலி மாத்திரை அட்டையின் பின்பக்கம் வரை படிப்பவள் நான். மாலை வகுப்பில் என்னை 'முற்றுப்புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒப்புதலை மட்டும் படிக்காமல் விரலை வைத்திருக்கிறேன்.

பிறகு வக்கீலம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் செயலி வழியாக அனுப்பிய புகாருக்கு நிறுவனம் எழுதிய பதில்.

பயணி தன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடப்பட்டார். ஓட்டுநருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். 'நன்றி அண்ணா' என்றும் எழுதியிருக்கிறார்.

அக்கா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். கிடங்குகளுக்குப் பின்னால் வண்டி நின்றதையும் அங்கே நடந்ததையும் அவளிடம் சொல்லியிருந்தேன். இதைச் சொல்லியிருக்கவில்லை.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதுதான் நம் கழுத்தைப் பிடிக்கப்போகிறது என்றார். காவல் நிலையத்திலும் இதைத்தான் கேட்பார்கள், நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்பார்கள். இதற்குப் பதில் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

நட்சத்திரங்களை அழுத்தியது என் விரல்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. நடந்ததை நான்தான் பெரிதாக்குகிறேனோ. கார்க் கண்ணாடியைத் தட்டியிருக்க வேண்டுமோ. அண்ணா என்று கூப்பிட்டதே தப்போ. எல்லா ஓட்டுநர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு நான் ஜன்னல்லதானடி நின்னேன். அந்தாளு எறங்கி, சுத்தி வந்து உனக்குக் கதவைத் தெறந்து விட்டான். மகாராணி வந்தாச்சுன்னு கிண்டல்கூட பண்ணேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பண்ணினாள். படியேறும்போதே பண்ணினாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வக்கீலம்மாவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. அக்காவைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார். அன்று மழையா, என் கையில் சுமையா? இல்லாவிட்டால் அவன் எதற்காக இறங்கி வந்து கதவைத் திறக்க வேண்டும்?

என் பை அக்காவின் காலடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பின்கதவு உள்ளேர்ந்து தெறக்காது மேடம். அஞ்சு ஸ்டார் போட்டு, நன்றி அண்ணான்னு எழுதி, அவன்கிட்ட காட்டின பிறகுதான் எறங்கி வந்தான்."

அவ்வளவு நேரமும் காருக்குள்ளிருந்து எங்கள் சமையலறை விளக்கு எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அக்காவின் தலையும் தெரிந்தது. அதை நான் சொல்லவில்லை.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். நீங்கள் ஜன்னலிலிருந்து பார்த்ததை, கூட்டாமல் குறைக்காமல், இப்படியே கூண்டில் ஏறிச் சொல்வீர்களா என்று கேட்டார்.



அக்கா எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவை முழுக்கத் திறந்தாள். அது திரும்பி வந்து மூடப் பார்த்தது. முதுகைக் கொடுத்துத் தடுத்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது.

"கேக்கட்டும்," என்றாள் அக்கா. "நீ சொல்லு."