‘ஆமா’ என்று சொல்லவேண்டும்

வெளியேற்ற அலுவலகத்தின் காத்திருப்பு அறைச் சுவரில் இருந்த கருவிக்கு அர்த்தம் புரியாது. எந்த ஊர்ப் பேச்சு என்று மட்டும் பார்க்கும். இலங்கைத் தமிழ் என்று முடிவுசெய்தால் மாலைக் கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தவமலருக்கும் மகளுக்கும் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்திருந்தாள் வக்கீல் மாதங்கி. சம்மதத்துக்கு இலங்கை ‘ஓம்’ வாயில் வரவே கூடாது, ‘ஆமா’தான்.

“மூணு டீ போதுமா மேடம்?” என்றான் ப்யூன்.

“ஓம்” என்றாள் மாதங்கி.

கருவியில் சிவப்பு எரிந்தது.

“நீங்களும் எங்க ஆளா அக்கா?” என்று பயிற்சியில் பழகிய தமிழில் மெல்லக் கேட்டாள் தவமலர்.

படகில் வந்தபோது மாதங்கிக்கு நாலு வயது. அடையாள அட்டையில் பிறந்த ஊர் மதுரை.

“சேச்சே, நான் பக்கா மதுரைம்மா. உங்களோட பேசிப் பேசி ஒட்டிக்கிச்சு. என்னையப் போயி உங்க கூட்டத்துல சேக்குறியே?” என்று ப்யூனுக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

கருவி பச்சைக்கு மாறியது.

தவமலர் கோபித்துக்கொள்ளவில்லை. மகளை முன்னால் நிறுத்தினாள்.

“கேட்டியா? உள்ள போயி இப்படித்தான் சொல்லணும்.”

பிறகு மாதங்கியிடம் பணிவாகச் சொன்னாள்: “இன்னொரு தடவை சொல்லிக் காட்டுங்க அக்கா, புள்ள பழகிக்கட்டும்.”