பாதி மங்கிய கோடுகள்

"இது ரெண்டுங்கெட்டானா இருக்கே. ஒண்ணு, கோடு தெரியணும். இல்லன்னா மறையணும். பொறியில ஏதோ பிழை."

நடுவர் முத்துலிங்கம் சொல்லிவிட்டு நகரப் பார்த்தார்.

ஹட்டன் பாடசாலை மண்டபத்தில், மலையகத்துப் பௌதிகவியல் ஆசிரியர்கள் தாங்களே அமைத்த பரிசோதனைகளை வைத்திருந்தார்கள். வெல்பவர் ஓராண்டுப் பயிற்சிக்கு ஜப்பான் போகலாம். இருந்தது ஒரே ஓர் இடம்.

மேசைக்குப் பின்னால் திலக்ஷன் வாயடைத்து நின்றான். நாலு பேருக்கு முன்னால் பேசுவதென்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே நிஷாந்திக்கு அது தெரியும். அவள் முன்னால் வந்தாள்.

"பிழை இல்ல சார். ஒரு நிமிஷம் நில்லுங்க."

லேசர் ஒளி இரண்டு மெல்லிய கீறல்களைத் தாண்டிப் போய், சுவரில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் போடும். ஒளி எந்தக் கீறலால் வந்தது என்று கண்டுபிடிக்க வழி வைத்துவிட்டால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். கீறலுக்கு ஒன்றாக மேலே வைத்த, ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் போலரொய்ட் தாள்கள், திசை வேறுபட்டால் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்று அவள் தடுமாறாமல் விளக்கினாள். அதெல்லாம் தனக்கும் தெரியும் என்றார் முத்துலிங்கம்.

"சரி சார். வந்த வழி பாதிதான் தெரியும்னா?"

அவர் மேசைப் பக்கம் திரும்பினார்.

நிஷாந்தி இரண்டு தாள்களையும் ஒரே திசையில் வைத்தாள். கோடுகள் பளிச்சென்று நின்றன. ஒன்றைக் குறுக்காக மாற்றினாள். கோடுகள் போய், வெறும் சிவப்புப் பூச்சு மிஞ்சியது. பிறகு, வெவ்வேறு சாய்வில் வெட்டிய தாள்களை நடுவரிடமே நீட்டி, விரும்பியதைப் போடச் சொன்னாள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"இது அறுபது பாகை. கோடு அரைவாசி மங்கியிருக்கும், பாருங்க."

அப்படியே இருந்தது. அவர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அவள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அரைகுறையாத் தெரிஞ்சா, கோடும் அரைகுறையாத்தான் மங்கும் சார். நீங்க பிழைன்னு சொன்னதுதான் இந்தப் பரிசோதனையே."

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பு குறைத்துப் போட்டிருந்த புள்ளியை வெட்டிவிட்டு, இதுவரை பார்த்ததில் இதற்குத்தான் முதலிடம் என்று மற்ற நடுவர்களிடம் சொன்னார். திலக்ஷனின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"ரெண்டு பேரும் நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா அனுப்புறது ஒரு ஆளைத்தான். யார் பேரைப் போட, டீச்சர்?"

"அவர் பேரைத்தான் சார். இதுல நான் ஒரு தாளைக்கூட வெட்டல" என்றாள் நிஷாந்தி. "அடுத்த மேசைதான் என்னோடது. வாங்க, இதைத் தோக்கடிக்கத்தான் வந்திருக்கேன்."