சரியாக விழாத படம்

கிழவரின் உதடு பேரனின் உள்ளங்கையைத் தொட்டது.

படம் எடுக்க வந்த இஞ்ஞாசி கேமரா பொத்தானை அமுக்கினான். படம் சுத்தமாக விழுந்தது.

"சரியா விழலை தலைவரே. இன்னொரு தடவை முழங்கால் போடுங்க."

பேரன் நேற்றுதான் குருப்பட்டம் வாங்கியவன். இன்று சொந்த ஊர் மாதா கோயிலில் முதல் பூசை. தைலம் பூசிய அந்தக் கையை முத்தமிட ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆள் தாத்தா கஸ்பார். இருபது வருடம் ஊர்க் கமிட்டித் தலைவராக இருந்தவர். இப்போது எண்பத்து நாலு வயது.

கைத்தடியை ஊன்றி எழுந்தவர் மறுபடி இறங்கினார். ஒரு முழங்கால். அப்புறம் மற்றது.

அவன் அவசரப்படவில்லை. லென்ஸைத் திருகிக்கொண்டே இருந்தான்.

பளிச்.

இதுவும் நன்றாகத்தான் விழுந்தது.

"கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "ஏ மாமா, கண்ணாடிய மாட்டிட்டு எடும். பின்னால நாங்களும் நிக்கோம்லா!"

சிரிக்கட்டும். அன்றைக்கு இவள் பிறக்கவேயில்லை.

இஞ்ஞாசியின் அக்கா வேறு மதத்துப் பையனோடு போய்விட்டாள். அவளைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவைப் பிடித்தார்கள்.

கோயில் முற்றத்து மணலில் முழங்கால். காலைப் பூசை முடிந்ததிலிருந்து உச்சி மணி அடிக்கும்வரை. தீர்ப்புச் சொன்னது கஸ்பார். ஊர் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அம்மா சாகிற வரைக்கும் கோயிலுக்கு வரவில்லை.

அதை யாரும் படம் எடுக்கவில்லை.

இன்றைய வேலையை அவனே போய்க் கேட்டு வாங்கினான்.

மூன்றாம் தடவை கைத்தடி வழுக்கியது. புதுச் சாமியார் குனிந்து தாத்தாவின் தோளைப் பிடித்தார்.

"நின்னுட்டே முத்தி செய்யட்டுமே."

"நின்னா படம் நல்லா இருக்காது சாமி."

கஸ்பார் பேரனின் கையை விலக்கினார். தானே இறங்கினார். எலும்பு தரையில் இடித்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

கிழவர் கேமராவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

"எடுல இஞ்ஞாசி," என்றார் மெதுவாக. "உங்கம்மா அம்புட்டு நேரம் இருந்தாள்லா."

விரல் அப்படியே நின்றது.

இதைக் கேட்க அவன் வரவில்லை. இந்த ஆள் வலியில் முனகுவதைப் பார்க்கத்தான் வந்தான். நாடகம் போடுகிறாரா என்று அந்த முகத்தில் தேடினான். கண் கலங்கவில்லை. கெஞ்சலும் இல்லை.

அமுக்கினான்.

"இப்பமாவது சரியா விழுந்துச்சா?" சாமியார் கேட்டார்.

அவன் திரையைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக விழுந்த படம் அவன் எடுத்ததில்லை.

"இல்ல சாமி," என்றான். "இன்னும் விழலை."