பட்டியில் யாருக்கும் இருமல் இல்லை

பட்டியில் எல்லா ஆடும் இருமியது. எனக்கு இருமல் என்று ஒன்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த இருமல் நோய் வந்த முதல் வருஷம் அப்படியில்லை. ஓர் ஆடு செருமினாலே மற்றவை வேலி தாண்டி ஓடின. வாயில் பூவரசு இலையைக் கட்டிக்கொண்டுதான் மேயப் போயின. அந்த இலையையும் மத்தியானத்துக்குள் தின்று தீர்த்தது வேறு விஷயம்.

இப்போது செவலை ஆடு குட்டி போட்டிருந்தது. நோஞ்சான் குட்டி, மூச்சே மெல்லத்தான் வந்தது. குட்டி பார்க்க வந்த உறவெல்லாம் அதன் முகத்திலேயே இருமியது. வீடு தேடி வந்தவர்களைப் போ என்று சொல்லச் செவலைக்கு வாய் வரவில்லை.

கிடா கொம்பன் குட்டியை முகர்ந்து, லொக்கு லொக்கென்று இருமியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா," என்றது செவலை.

"இது அது இல்லம்மா. வெறும் பனி."

"சித்திரை மாசத்துலயா?"

"சரி, தூசின்னு வச்சுக்க. சொந்தக்காரனை இப்படியா விரட்டுவ?"

"அதானே!" என்று மற்ற ஆடுகளும் இருமலோடு சேர்த்துச் சொல்லின.

அப்போது வாசலில் வந்து நின்ற, பக்கத்துப் பட்டிச் சிநேகிதி சுட்டி ஆடு உரக்கக் கத்தியது: "செவலை, நான் உள்ளே வரலடி! எனக்கு அதே இருமல்தான், முத்திப்போச்சு!"

"ஐயோ, சுட்டிக்கு வந்துடுச்சாம்!"

முதலில் வேலியைத் தாண்டியது கொம்பன். மற்றவை இருமிக்கொண்டே பின்னால் ஓடின. பட்டி காலியானது. குட்டி நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்கியது.

"ரொம்ப இருமுதாடி?" என்று செவலை கவலையோடு கேட்டது.

"எனக்கென்ன கேடு?" என்று வாசலிலேயே படுத்து அசைபோட்டது, இன்றுவரை ஒரு தும்மல்கூடப் போடாத சுட்டி.